கண்ணாடிக்காரர் சுமந்த குறட்டை

அந்த வீட்டில் குறட்டை விடுவது யார் என்பதில் இருபத்திரண்டு வருடமாக யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. கண்ணாடிக்காரர்தான். அவரே ஒப்புக்கொண்ட விஷயம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவர் ஒல்லி மனிதர். குரல் எழும்பாது. வாடிக்கையாளர் காதில் கண்ணாடியை மாட்டிப் பார்க்கும்போதுகூட "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுகிறவர். இப்படிப்பட்ட மனிதருக்குள் ஒரு மரம் அறுக்கும் மில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொந்தபந்தம் முழுக்க வியந்தது. தங்கை வீட்டுப் பிள்ளைகள் அவருக்கு 'இன்ஜின் மாமா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் மனைவியை எல்லோரும் டீச்சர் என்பார்கள். பள்ளிக்கூட டீச்சர் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டீச்சர். கூரைமேல் மஞ்சள் பலகை வைத்த சின்னக் கார், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக், வாய் நிறைய அதட்டல். கணவரின் குறட்டையைத் திருத்துவதையும் அவள் ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டாள். மூக்கின்மேல் ஒட்டுகிற பட்டை வாங்கிக் கொடுத்தாள். ஒட்டிக்கொண்டார். ஒருக்களித்துப் படுங்கள் என்றாள். படுத்தார். எடை குறைந்தால் குறட்டையும் குறையும் என்று எங்கோ படித்துவிட்டு வந்து அவர் தட்டில் பாதியை எடுத்தாள். ஏற்கெனவே காற்றடித்தால் பறக்கிற மனிதர் எட்டுக் கிலோ இளைத்து, பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார். மூச்சு விடவில்லை.

டீச்சருக்கு இருந்த ஒரே தொல்லை பகல் தூக்கம். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் யாரோ அடித்துப் போட்டதுபோல் இருக்கும். "உங்க குறட்டையில நான் எங்க தூங்கறது?" என்பாள். "அதானே" என்பார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. காரில் யாராவது ஓட்டிப் பழகிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் சொக்கிவிடும். பழகுகிறவர்கள் அதற்கு வேறு அர்த்தம் கற்பித்திருந்தார்கள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே தப்பைக் கண்டுபிடிப்பாராம்!

ஒரு நாள், ஐம்பது வயதில் கார் பழக வந்த பேக்கரிக்காரர் ஸ்டியரிங்கில் இருந்தார். "நேரா போங்க" என்றாள் டீச்சர். அவ்வளவுதான் அவளுக்கு நினைவிருந்தது. கண் விழித்தபோது கடை இல்லை, வீடு இல்லை, இரண்டு பக்கமும் வெட்டவெளி.

"எங்கங்க இருக்கோம்?"

"தெரியல டீச்சர். நேரா போகச் சொன்னீங்க. திரும்பச் சொல்லலையே."

"எவ்வளவு நேரமா?"

"நாப்பது நிமிஷம் இருக்கும்." அவர் முகம் பெருமையில் பளபளத்தது. "ஒரு தடவைகூட நீங்க திட்டல. நல்லா ஓட்டறேன்ல?"

மற்ற நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்று வண்டியைத் திருப்பச் சொல்லி, வழி முழுக்கக் கண்ணை விரித்து வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பைச் சொன்னாள். "போதும்ங்க. இன்னிக்கு ஒரு ஆளைக் கொன்னிருப்பேன். உங்க குறட்டைக்கு ஒரு வழி பண்ணாம விடறதில்ல. தூக்கத்துக்குன்னே பரிசோதனை இருக்காம். வயர் எல்லாம் ஒட்டி, ராத்திரி பூரா பார்ப்பாங்களாம்."

"எனக்கா?"

"பின்ன, எனக்கா?"

கண்ணாடிக்காரர் பெல்ட்டை ஒரு ஓட்டை இறுக்கிக்கொண்டார். "சரிம்மா" என்றார்.

பரிசோதனை அறையில் அவர் தலையிலும் நெஞ்சிலும் வயர்களோடு கட்டிலில் படுத்தார். துணைக்குப் போன டீச்சர் பக்கத்திலிருந்த சோபாவில் சாய்ந்தாள். சாய்ந்ததுதான் தெரியும், விடிந்துவிட்டது. டெக்னீஷியன் அம்மாள் கையில் ஒரு கத்தைக் காகிதத்தோடு வந்து நின்றாள்.

"சார், உங்க மூச்சு அப்படியே தாலாட்டு மாதிரி போகுது. இப்படித் தூங்கற ஆளை நான் பார்த்ததே இல்ல."

"பின்ன குறட்டை?" என்றாள் டீச்சர்.

"அதுதான் எனக்கும் குழப்பம். நெஞ்சுல கட்டின பெல்ட் ஒழுங்கா இருக்கு, ஆக்சிஜன் ஒழுங்கா இருக்கு. மைக்ல மட்டும் புயல் அடிக்குது. வயர் கோளாறோன்னு உள்ள வந்து பார்த்தேன்." கொஞ்சம் தயங்கினாள். "சத்தம் சோபாவுலேர்ந்து வந்துச்சு மேடம்."

"சோபாவுல நான்தானே இருந்தேன்?"

"ஆமாம் மேடம்."

கண்ணாடிக்காரர் தன் விரலில் மாட்டியிருந்த கிளிப்பை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் மட்டும் இல்ல" என்றாள் டெக்னீஷியன் அம்மாள். "நடுநடுவே உங்க மூச்சே நின்னு போகுது. ஒரு தடவை நாப்பத்திரண்டு செகண்ட். பயந்து போய் எழுப்பலாம்னு கையை நீட்டறேன், அதுக்குள்ள சார் நல்ல தூக்கத்துலேயே காலை நீட்டி சோபாவை ஒரு உதை உதைச்சாரு. நீங்க மூச்சை இழுத்துக்கிட்டீங்க. ராத்திரி பூரா இதேதான். சார் ரிப்போர்ட்ல இருக்கற ஒரே கோளாறு அந்த உதைதான்."

கார் நிறுத்துமிடத்தில் டீச்சர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "எப்பலேர்ந்து?"

"என் தங்கச்சி கல்யாணத்துலேர்ந்து."

அது அவர்களுக்குத் திருமணமான மூன்றாம் மாதம். மண்டபத்தில் எல்லோரும் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். காலையில் தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ராத்திரி மரம் அறுத்தது யாரு?" என்று கேட்டாள். அந்த வீட்டுக்குப் புது மருமகளான டீச்சரும் ஆர்வமாக எல்லோர் முகத்தையும் பார்த்தாள். கண்ணாடிக்காரர் கையைத் தூக்கிவிட்டார்.

"மறுநாளாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"மறுநாள் நீ எனக்கு வெந்நீர் வச்சுக் கொடுத்தே. தொண்டைக்கு நல்லதுன்னு. நல்லா இருந்துச்சு. அப்புறம் எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

"மூக்குல பட்டை ஒட்டினீங்களே! எட்டுக் கிலோ இளைச்சீங்களே!"

"அது மட்டும் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றார் அவர்.

டீச்சருக்குக் கோபம்தான் முதலில் கிளம்பியது. பாதி வழியில் அது என்ன ஆனதோ, சிரிப்பாக வெளியே வந்தது. காரின் முன்பக்கத்தில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பக்கத்துக் காரில் ஏறப் போனவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

அடுத்த வாரம் அதே கட்டிலில் டீச்சர் படுத்தாள். மணிக்கு நாற்பத்தேழு தடவை மூச்சு நிற்கிறது என்று முடிவு வந்தது. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காற்று போகிற வழியை அடைக்கிறது, மூளை பதறிப்போய் அரைகுறையாக எழுப்புகிறது, அதனால்தான் பகலில் சொக்குகிறது, ராத்திரியில் முகமூடி மெஷின் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும் என்றார் டாக்டர். டீச்சர் மருத்துவத்தையும் பேரம் பேசித்தான் வாங்கினாள்.

"மெஷின் இல்லாம வேற என்ன இருக்கு டாக்டர்?"

"இருக்கும்மா. கீழ்த்தாடையை முன்னால இழுத்து வைக்கிற ஒரு கிளிப் இருக்கு, பல்லுல மாட்டிக்கணும். சிலருக்கு ஒருக்களிச்சுப் படுத்தாலே பாதி சரியாகும். எடை குறைச்சா நிறைய பேருக்குக் குறையும். தொண்டை அமைப்பைப் பொறுத்து ஆபரேஷனும் உண்டு."

"அப்ப கிளிப்பே கொடுங்களேன்."

"உங்களுக்கு இருக்கற அளவுக்கு அது குடையைப் பிடிச்சுக்கிட்டு வெள்ளத்துல நிக்கற மாதிரி. முதல்ல மெஷின். முகமூடி வழியா காத்தை லேசா அழுத்தி அனுப்பும், அந்த வழி மூடாது. தினமும் போடணும். அது பழகற வரைக்கும் காரைத் தொடக்கூடாது. பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுக்கறதும் கூடாது."

கடைசிச் சொல்தான் அவளை மெஷினுக்குத் தலையாட்ட வைத்தது.

முதல் முகமூடி வாயையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற ரகம். அதிலிருந்து தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். பொத்தானை அழுத்தியதும் காற்று ஒரு பக்கம் கசிந்து, விசில் அடித்துக்கொண்டே நேராக அவள் கண்ணுக்குள் போனது. மூச்சு முட்டுவதுபோல் பதறி, கழற்றி எறிந்தாள். மூன்று ராத்திரி இந்தக் கூத்து. நான்காம் நாள் மாலை கண்ணாடிக்காரர் கடையிலிருந்து தன் அளவுகோலையும் மேசை விளக்கையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"உக்காரு. இருபத்தஞ்சு வருஷமா எனக்குச் சோறு போடறது மூக்கு. இது எனக்குத் தெரியாதா?"

விளக்கைக் கிட்டே கொண்டுவந்து அளந்தார். "மன்னிச்சுக்க" என்று சொல்லிவிட்டுத் தாடையைத் திருப்பினார். "சைஸ் பெருசு. அதோட உன் மூக்குத் தண்டு இடது பக்கம் ஒரு மில்லிமீட்டர் தாழ்வு. அங்கதான் கசியுது."

"இத்தனை வருஷம் சொல்லவேயில்லையே!"

"குறைன்னாதானே சொல்லணும்?"

மறுநாள் அவரே போய், மூக்கை மட்டும் மூடுகிற சின்ன முகமூடியாக மாற்றி வாங்கி வந்தார். பட்டைகளைக் கண்ணாடிச் சட்டம் சரிசெய்வதுபோல் நூலளவு நூலளவாக இழுத்துத் தளர்த்தினார். விசில் நின்றது. பழகட்டும் என்று டீச்சர் அதைப் பகலிலும் மாட்டிக்கொண்டு டிவி பார்த்தாள், காய் நறுக்கினாள். அந்தக் கோலத்திலேயே, குழாய் தொங்கத் தொங்கக் கதவைத் திறந்தபோது, பார்சல் கொண்டுவந்தவர் இரண்டு படி பின்வாங்கி, கையெழுத்துக்கூட வாங்காமல் பார்சலைத் தரையில் வைத்துவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் காலையில் அது நடந்தது. டீச்சர் கண்ணைத் திறந்தாள். தலை வலிக்கவில்லை. உடம்பில் யாரோ கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டதுபோல் இருந்தது. செத்துத்தான் போய்விட்டோமோ என்று ஒரு கணம் நினைத்தாள். பசித்தது. செத்தவளுக்குப் பசிக்காதே! மெஷினின் சின்னத் திரையில் நாற்பத்தேழுக்குப் பதிலாக இரண்டு என்று இருந்தது.

"என்னங்க, எழுந்திருங்க! நான் கனவு கண்டேன்!"

"என்ன கெட்ட கனவா?" என்று அவர் துள்ளி எழுந்தார்.

"யானைக்கு ரிவர்ஸ் பார்க்கிங் சொல்லிக் கொடுக்கறேங்க! அது ரெண்டு காதையும் முன்னால இழுத்து வச்சுக்கிட்டு, சைடு கண்ணாடி தெரியலைங்குது!"

பல வருடமாகக் கனவே காணாதவள். இப்போது கனவுகள் மடை திறந்ததுபோல் வந்தன, அத்தனையையும் அவர் கேட்டாக வேண்டியிருந்தது. மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவினாள். ஜன்னல் எல்லாம் துடைத்தாள், துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். கண்ணாடிக்காரர் பாடுதான் திண்டாட்டம். வீடு அப்படி அமைதியாகிவிட்டதில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. மூச்சு வருகிறதா என்று எழுந்து எழுந்து காதை வைத்துப் பார்த்தார். கால் தன்பாட்டுக்கு இரண்டு வாரம் உதைத்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு நாள் அதுவும் நம்பிக்கொண்டது. அன்று அவர் பத்து மணிவரை அசையாமல் தூங்கினார். கடை வாசலில் காத்திருந்தவர்களிடம் டீச்சரே போய், "தொந்தரவு பண்ணாதீங்க, தூங்கறாரு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு டாக்டர் காரைத் தொட அனுமதி கொடுத்தார். டீச்சர் இப்போது பாடம் முழுக்கக் கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தாள். முதல் நாளே பேக்கரிக்காரர் வியர்த்துப் போனார். "நான் இவ்வளவு தப்பு பண்றேனா டீச்சர்? முன்னாடி நல்லா ஓட்டிட்டிருந்தேனே!"

தங்கை புது வீட்டுக்குக் கூப்பிட்டபோது டீச்சர் மெஷின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போனாள். சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று அறிவித்தாள். "இத்தனை வருஷம் குறட்டை விட்டது உங்க அண்ணன் இல்ல. நான்!"

தங்கை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கனிவாகப் பார்த்தாள். "அண்ணி, அண்ணனைக் காப்பாத்த இவ்வளவு தூரம் போகணுமா?"

"அடியே, நிஜமாத்தான்! பாரு, என் மெஷின்!"

"இன்ஜின் மாமாவோட மெஷின்!" என்று பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

"நீங்களாவது சொல்லுங்களேன்" என்றாள் டீச்சர் கணவரிடம். அவர் சொன்னார். யாரும் நம்பவில்லை. பெண்டாட்டி சொல்லச் சொன்னால் அவர் எதையும் சொல்வார் என்பதுதான் ஊருக்கே தெரியுமே!

"சரி. மெஷின் போடாம இங்கேயே தூங்கறேன். உங்க காதாலேயே கேளுங்க" என்று டீச்சர் கூடத்துச் சோபாவில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினாள். தங்கை, அவள் கணவர், பிள்ளைகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். கடைக்குட்டி அவள் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக் காத்திருந்தான். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. முன்பெல்லாம் சிக்னலில் நிற்கும் நேரத்துக்குள் தூங்கியவளுக்கு, இப்போது தூக்கத்தின் வாசனைகூட வரவில்லை. உதடு ஒரு ஓரமாகத் துடித்தது. அடக்கினாள். "அண்ணி, குறட்டை எங்க?" என்று தங்கை மெதுவாகக் கேட்டதும் சிரிப்பு பீறிட்டுவிட்டது. கடைக்குட்டி சிரித்தான், தங்கை சிரித்தாள், எதற்கு என்று தெரியாமலேயே வீடே சிரித்தது. "விடு, அந்தப் பேரு எனக்குப் பழகிடுச்சு" என்று கண்ணாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் டீச்சர்தான் ஓட்டினாள். இரண்டு மணி நேரமும் பேசிக்கொண்டே வந்தாள். முந்தின ராத்திரிக் கனவு, நாளைக்குக் கழுவ வேண்டிய திரைச்சீலை, அடுத்த மாதம் நீச்சல் கற்றுக்கொள்ளப் போவது.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் கண்ணாடிக்காரர். "உன் குறட்டையாவது நடுவுல கொஞ்சம் நின்னு நின்னு வரும்."

அவள் காரை ஓரம் கட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, சைடு கண்ணாடியைப் பார்த்து மறுபடி கிளப்பக் கால் மணி நேரம் ஆனது.