கொசுவின் காட்சி

1

இந்தக் கதைக்கு விதை போட்டவள் என் தங்கை. ஆனால் அவள் போட்டது கதைக்காக அல்ல. யோசனை கேட்டுத்தான் தொலைபேசியில் அழைத்தாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு நான் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். இவளெல்லாம் ஒரு அக்காவா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கடிதம் எழுதிப் பழகிய கை என்னுடையது. விவரத்தை முடித்த பிறகுதான் விசாரத்துக்கு வரும். ஆகவே விவரம்: தங்கை குழந்தைகளுக்குக் கதையும் நாடகமும் எழுதுகிறவள். பள்ளி பள்ளியாகப் போய் எழுத்துப் பட்டறை நடத்துவாள். பிள்ளைகள் ஆளுக்கொரு காட்சி நடித்துக்காட்ட வேண்டும். வகுப்பு கைதூக்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அதை அவள் நாடகமாக எழுதித் தர, பள்ளி விழாவில் பெற்றோர் முன்னால் மேடையேறும்.

உள்ளே நுழைந்ததுமே ஒரு சட்டம் போடுவாள். "இங்க சொல்றதெல்லாம் கதை. 'நெசமா?'ன்னு யாரும் யாரையும் கேக்கக் கூடாது. நானும் கேக்க மாட்டேன்." வாயே திறக்காத பிள்ளைகூட அதற்குப் பிறகு மடை திறந்ததுபோலப் பேசும்.

2

(முதல் தொடக்கம்: "வகுப்பறைச் சன்னல் வழியே வெயில் பொன்னாக..." வேண்டாம். வெயில் எல்லா வகுப்பிலும்தான் விழுகிறது.)

(இரண்டாவது: "அவள் பயந்தாள்." பயந்தாளா என்பதுதானே கேள்வியே.)

அந்த வகுப்பில் ஒரு சிறுமி. குரல் காதருகே வந்தால்தான் கேட்கும் என்பதால் கூட்டாளிகள் வைத்த பெயர் கொசு. தங்கை கொடுத்த சூழல் இது: வீட்டில் பிள்ளைகள் மட்டும், அப்பா வரும் நேரம்.

கொசு தொலைக்காட்சி பார்த்தாள். வெளியே வண்டிச் சத்தம். சட்டென்று அணைத்துவிட்டுப் பெட்டியின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். சூடு. நோட்டு அட்டையால் விசிறினாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "எங்க வீட்லயும் இதே கூத்துதான் மிஸ்!"

பிறகு தன் புத்தகப் பையை இரண்டு கையாலும் தூக்கினாள். அது தம்பி. பெஞ்சுக்கு அடியில் படுக்கவைத்து, அதன் வாய் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தினாள். முன்னால் ஒரு துணியை இழுத்துவிட்டாள். எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்தாள்.

"வாங்கப்பா. தம்பி தூங்கிட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் எல்லாக் கையும் அவளுக்கே உயர்ந்தது.

3

(இடையில் ஒரு குறிப்பு. இல்லாத ஒன்றை நடிக்கும்போது பிள்ளைகள் கையைப் பெரிதாக வீசுவார்கள். பழகியதைச் செய்யும்போது கை சிறுத்துவிடும் என்பாள் தங்கை. கொசுவின் கை சிறுத்திருந்ததாம். இது சாட்சியா, நாடகக்காரியின் மிகைக் கற்பனையா?)

தாழ்வாரத்தில் அவளைத் தனியே பிடித்துத் தன் சட்டத்தைத் தானே மீறினாள் தங்கை. "அந்தத் தம்பி... நெசமாவே ஒளிஞ்சுக்குவானாடா?"

"கதைதானே மிஸ்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "கேக்க மாட்டேன்னு சொன்னீங்க."

அப்பாவைப் பற்றி விசாரித்ததும் வகுப்பாசிரியை சிரித்தே விட்டார். "அவ அப்பாவா? தங்கமான மனுஷர் மேடம்! மீட்டிங்னா முதல் ஆளா வந்து உக்காருவார். இவ பெரிய நடிகை, ஏமாந்துடாதீங்க. இந்தக் காட்சியைப் போட்டா அவர் பெருமைப்படுவார். வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க."

இதைத்தான் தங்கை தொலைபேசியில் சொன்னாள்.

"நாடகத்துலேர்ந்து தம்பியை வெட்டிட்டா, உன் கதை வேண்டாம்னு நானே அவ மூஞ்சில சொன்ன மாதிரி. வச்சா, முன்வரிசையில உக்காந்து அவர் பாப்பார். ஹெட்மிஸ்கிட்ட போனா என்னன்னு சொல்ல? பொண்ணு கையைச் சின்னதா ஆட்டுச்சுன்னா?"

"நீ சின்ன வயசுலேர்ந்தே நிழலைப் பாத்துப் பேய்னு அலறுவடி."

"பேய் இல்லேன்னா நல்லதுதானேக்கா. இருந்தா?"

4

எழுதிப் பார்த்த முடிவுகள்:

தங்கை தம்பியை வெட்டிவிடுகிறாள். விழாவில் தொலைக்காட்சி விசிறல் மட்டும். அரங்கமே சிரிக்கிறது. அப்பாதான் எல்லாரையும்விட உரக்கச் சிரிக்கிறார். (சுத்தமான முடிவு. படித்துப் பார்த்தேன், குறுக்கே ஒரு கோடு கிழித்தேன்.)

தம்பி இருக்கிறான். கொசு பெஞ்சுக்கடியில் துணியை இழுத்துவிடுகிறாள். அப்பாவின் முகம் இருண்டு... (இங்கே பேனா நின்றுவிட்டது. நாடகம் திரையோடு முடிந்துவிடும். அவள் அவரோடு வண்டியில் ஏறி வீட்டுக்குப் போக வேண்டும்.)

தங்கை தலைமையாசிரியையின் அறைக்குள் போகிறாள். "மேடம், எனக்கு நிச்சயமாத் தெரியாது, ஆனா..." (இந்த 'ஆனா'வுக்குப் பிறகு எழுத வரவில்லை. எழுதிய வரைக்கும் அழகாகவும் இல்லை, அசட்டுத்தனமாகத்தான் இருக்கிறது.)

5

நல்ல முடிவாக ஒன்று தேடி நேற்றும் உட்கார்ந்தேன், இன்றும் உட்கார்ந்திருக்கிறேன். நேற்றும் பள்ளி விட்டிருக்கும். பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அந்த அப்பா தங்கமாகவே இருக்கலாம். அப்படியானால் தலைமையாசிரியையிடம் போய்ச் சொல்லிவிட்டு என் தங்கை நாலு பேர் முன்னால் அசடு வழிவாள். இனி அந்தப் பள்ளிக்கு யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். வழியட்டும். நானும் பக்கத்தில் நின்று வழிகிறேன். இரண்டு கழுதை வயதான பெண்கள் அசடு வழிந்து உலகம் முழுகிப்போனதில்லை.

கதையை இத்தோடு விடுகிறேன். முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்; மேலே கிடக்கும் மூன்றில் ஒன்றை எடுத்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. நன்றாக எழுதுங்கள், அவசரமில்லை.

அவசரம் எனக்குத்தான். பள்ளி விட இன்னும் நேரமிருக்கிறது. தங்கையின் எண்ணைச் சுழற்றிவிட்டேன். அடித்துக்கொண்டிருக்கிறது. எடுத்ததும் முதல் வார்த்தையாக "கிளம்புடி, நானும் வர்றேன்" என்று