குழாயில் வராத தண்ணீர்

நகராட்சி அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘வடிகால் மேடம்’தான். எந்தத் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றாலும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். ஏன் நிற்கிறது, எங்கே அடைத்திருக்கிறது, எப்படி வடியும் என்று வாய் ஓயாமல் விளக்குவாள். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். அப்படி அவர்கள் ஆட்டுவது அவளுக்குப் பிடிக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

சங்கடம் என்னவென்றால், மழை பெய்தால் அவள் வீட்டிலேயே தண்ணீர் புகுந்துவிடும்.

மாடியில் அவளும் கணவனும் குடியிருந்தார்கள். கீழே நாத்தனாரின் தையல் கடை. மொட்டைமாடியில் விழும் மழை அத்தனையும் இரண்டு குழாய் வழியாக ஒரே பாய்ச்சலாகச் சந்தில் இறங்கும். சந்தின் ஒல்லி வடிகாலுக்கு அவ்வளவு தாங்காது; மிச்சத்தைக் கடை வாசலுக்குள் தள்ளிவிடும். நாத்தனார் வெட்டிவைத்த சீருடைத் துணிகளை வாரி மேசைமேல் போட்டபடி மேலே பார்த்துக் குரல் கொடுப்பாள்.

“அண்ணி, ஊர்த் தண்ணியெல்லாம் உங்க பேச்சக் கேக்குது. நம்ம வீட்டுத் தண்ணிக்கு மட்டும் காது கேக்கலையா?”

மாடிப்படியில் நின்று இதைக் கேட்ட ஒருநாள் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தெருக்காரர்கள் கூட்டத்தில் எழுந்து, தன் வீட்டு மொட்டைமாடியைப் பசுமைக் கூரையாக மாற்றிக் காட்டப்போவதாக அறிவித்துவிட்டாள்.

“கான்கிரீட் ஒரு சொட்டக்கூட வச்சுக்காது, விழுந்தத எல்லாம் அப்பவே உருட்டி விட்டுடும். மேல கொஞ்சம் மண்ணும் செடியும் இருந்தா, மொதல்ல அது குடிக்கும். வயிறு நெறஞ்சதும் மிச்சத்த ஆற அமர எறக்கும். குடிச்சதையும் வெயில் வந்தா செடி காத்துல விட்டுடும். வடிகாலுக்கு மூச்சு விட நேரம் கெடைக்கும்.”

பேச்சு பிரமாதம். கணவன்கூடக் கைதட்டினான். வீட்டுக்கு வரும் வழியில்தான் மெதுவாகக் கேட்டான்: “ஆமா, இத யாரு செய்யப் போறா?”

“நான்தான். இருபது கூரைக்கு வரைபடம் போட்டுக் குடுத்திருக்கேன்.”

“வரைபடம் போட்டிருக்க. மண்ணு தூக்கிருக்கியா?”

அவள் முறைத்துவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

கட்டடம் பாரம் தாங்குமா என்று ஆள் வைத்துப் பார்த்தது, நீர் கசியாத விரிப்பைத் தேர்ந்தது, வேர் துளைக்காமல் தடுப்பு போட்டது, அதன்மேல் நீர் ஓடும் அடுக்கைப் பரப்பியது, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. கடைசியில் மண்ணைத் தாங்கும் வடிதுணியை விரிக்கும்போது வேலையாட்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு அவளே இறங்கினாள். நிபுணர் கை படவேண்டாமா? துணியை மூலைக்கு மூலை இழுத்து, சுருக்கம் இல்லாமல், கல்யாண மேடை விரிப்புபோல விரித்தாள். மேலே லேசான மண், தடித்த இலைச் செடிகள். மாடி பச்சைப் பசேலென்று ஆனதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பெருமழை வரும் என்று வானிலைச் செய்தி சொன்னதும் அக்கம்பக்கத்தாரையும் தன் மேலதிகாரியையும் அழைத்தாள். குடைகளோடு ஒரு கும்பல் சந்தில் கூடியது. மழை கொட்டத் தொடங்கியது. மற்ற வீட்டுக் குழாய்கள் எல்லாம் அருவிபோலக் கொட்டின. அவள் வீட்டுக் குழாயில் ஒன்றும் வரவில்லை.

“பாத்தீங்களா?” என்றாள்.

எதிர்வீட்டு முடிதிருத்துபவர் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். “என்னத்தப் பாக்கணும் மேடம்?”

“ஒண்ணும் வரலல்ல? அதத்தான்!”

ஒன்றும் இல்லாததைப் பார்ப்பது மனிதர்களுக்கு அவ்வளவு சுலபமில்லை. இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். மேலதிகாரி மரியாதைக்கு நின்றார். மழை வலுத்தது. இன்னும் குழாய் வறண்டே கிடந்தது. அவளோ கணக்குப் போட்டதைவிடக் கூரை நன்றாக வேலை செய்கிறது என்று பூரித்துப்போனாள். அந்த மெல்லிய மண் அடுக்கால் இவ்வளவு மழையைக் குடிக்கவே முடியாது, இந்நேரம் குழாய் சொட்டியே ஆகவேண்டும் என்பது மாணவப் பருவத்திலேயே தெரிந்த சங்கதி. வேறொருவர் கூரையாக இருந்தால் குடையைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள். சொந்தக் கூரை என்பதே கண்ணை மறைத்துவிட்டது.

அப்போது கடைக்குள்ளிருந்து குரல் வந்தது. பதற்றமே இல்லாத குரல்.

“அண்ணி, முன்னெல்லாம் தண்ணி வாசல் வழியா விருந்தாளி மாதிரி வரும். இப்ப வீட்டாளு மாதிரி மாடிப்படியில எறங்கி வருது. வந்து பாக்குறீங்களா?”

ஓடிப்போய்ப் பார்த்தாள். படிக்குப் படி குதித்து, செடியின் இலைகளையும் சுமந்துகொண்டு, பழுப்புத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மண் அடுக்கால் மாடித் தளம் உயர்ந்திருந்ததில் படிக்கட்டு நிலைப்படியைத் தாண்டத் தண்ணீருக்குச் சிரமமே இருக்கவில்லை. ஏன் என்பது பளிச்சென்று உறைத்தது. கல்யாண மேடை! மூலைக்கு மூலை இழுத்து விரித்தபோது குழாய்களின் வாயையும் சேர்த்து மூடிவிட்டிருந்தாள். துணியில் நுண்மண் படிந்து, இரண்டும் இறுக அடைத்துக்கொண்டிருந்தன. குழாய் வாயில் துளையிட்ட பெட்டி வைத்து, சுற்றிலும் கூழாங்கல் போட்டு, திறந்து பார்க்க வழி விடவேண்டும் என்று இருபது வரைபடத்திலும் சிவப்பு மையில் எழுதியவள் அவள்தான்.

“உன் பெரிய கத்தரியக் குடு!”

“துணி வெட்டுற கத்தரி அண்ணி, மொனை போயிடும்!”

“நானும் துணிதான் வெட்டப் போறேன். வா!”

இருவரும் கொட்டும் மழையில் மாடியில் முழங்காலிட்டார்கள். கையால் மண்ணைத் தோண்டினார்கள். தான் ஆசையாக நட்ட செடிகளைத் தானே பிடுங்கி எறிந்தாள். நாத்தனார் துணியை இழுத்துப் பிடிக்க, இவள் வெட்டினாள். பெரிய ஏப்பம் விட்டதுபோல ஒரு சத்தம். தண்ணீர் சுழன்று உள்ளே போனது. கீழே குழாயிலிருந்து சேறும் தண்ணீரும் பீறிட, கூட்டம் இப்போதுதான் உற்சாகமானது. யாரோ விசிலடித்தார்கள். மேலதிகாரியின் வெள்ளைச் சட்டை அன்றோடு சரி.

“நல்லா இருக்கு மேடம்!” என்று முடிதிருத்துபவர் கீழேயிருந்து கத்தினார். “இப்பத்தான் ஏதோ நடக்குற மாதிரி இருக்கு!”

சேற்றில் உட்கார்ந்தபடியே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் அவள் நெற்றியில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் பார்த்து, அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். கணவன் துடைப்பத்தோடு படியில் நின்றுகொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்கினான். அந்த ஒரு பெருந்தன்மைக்காக அவனை அவள் இன்றுவரை மெச்சிக்கொள்கிறாள்.

பிறகு இரண்டு குழாய் வாயிலும் பெட்டி வைத்துக் கூழாங்கல் போட்டாள். நிலைப்படியையும் உயர்த்தினாள். வேலையாட்கள் துணி விரித்தார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

அடுத்த மழை ஒரு மத்தியானம் வந்தது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. சந்தில் தனியாக நின்று பார்த்தாள். வெகுநேரம் குழாய் சும்மா இருந்தது. பிறகு விரல் பருமனுக்கு ஒழுகத் தொடங்கியது. மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த பிறகும் அவசரமில்லாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. தெருமுனையில் வழக்கம்போலத் தண்ணீர் தேங்கித்தான் இருந்தது. ஒற்றைக் கூரையால் தெருவையே காப்பாற்ற முடியாது. ஆனால் கடையில் வாசற்படி மட்டும் நனைந்ததோடு சரி.

பாராட்டு வாங்கும் ஆசையில் உள்ளே எட்டிப் பார்த்தாள். தையல் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் வெட்டிய துணி பரப்பிக் கிடந்தது.

“என்ன அண்ணி, இப்படி நனைஞ்சிருக்கீங்க?” நாத்தனார் தலையை நிமிர்த்தவில்லை. “மழையா பெஞ்சுது?”