நாற்பதாயிரம் டன்

அறிவுச்செல்வி திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தாள். தொண்ணூற்றெட்டில் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு, வத்தலக்குண்டைச் சுற்றிய பன்னிரண்டு தென்னந்தோப்புகளில் ஒரு வருஷம் முழுக்க அலைந்து, விழுகிற மட்டையையும் பாளையையும் எடைபோட்டாள். எரித்து மின்சாரம் எடுக்க அந்த வட்டாரத்தில் ஆண்டுக்கு நாற்பதாயிரம் டன் கிடைக்கும் என்று முடிவு வந்தது. முதலில் தன் தோப்பைத் திறந்துவிட்டவர் பொன்னுத்துரை. அறிக்கை அச்சானதும் ஊரில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டியவரும் அவர்தான்.

ஐந்து வருஷம் அதை யாரும் சீண்டவில்லை. இரண்டாயிரத்து மூன்றில் மரபுசாரா எரிசக்தி என்று பேச்சு கிளம்பியபோது, எங்கிருந்தோ அதைத் தேடி எடுத்தார்கள். ஐந்து மெகாவாட் நிலையம் வரப்போகிறது, அதற்கொரு நிபுணர் குழு, குழுவில் அவள் பெயர். அளந்தது வீண்போகவில்லை என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் அதற்குள் மூன்று வருஷமாக மழை பொய்த்திருந்தது. மே விடுமுறையில் அதே பன்னிரண்டு தோப்புக்கும் திரும்பப் போனாள். பாதி மரங்கள் கொண்டை சூம்பி நின்றன. மீதியில் பலவற்றுக்குக் கொண்டையே இல்லை. உயிரோடிருந்த மரங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் பதினைந்தாயிரம் டன்கூடத் தேறவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் திட்ட அதிகாரி இருதயநாதனைப் பார்த்துச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டார், டீ வரவழைத்தார்.

"போன வாரம் நானே தோப்புகளப் பாத்துட்டு வந்தேன் மேடம். மலை மாதிரி குமிச்சு வச்சிருக்காங்க."

"அது பட்டுப்போன மரம் சார். ஒரு தடவதான் எரியும். அடுத்த வருஷம் எதைப் போடுவீங்க?"

அவர் கோப்பைப் பிரித்து உத்தரவைக் காட்டினார். நாற்பதாயிரம் என்ற எண் அதில் ஏறியிருந்தது, கீழே அவள் பெயரோடு. இரண்டு மெகாவாட்டுக்குக் குறைத்துக்கொள்ளலாமே என்றாள். ஐந்துக்குக் குறைந்தால் இந்தத் திட்டத்தில் இடமில்லை என்றார்.

"இத நிறுத்துனா சின்னதா ஒண்ணு வராது மேடம். இதெல்லாம் சரிப்படாதுன்னு எழுதி மூடிட்டு, நிலக்கரிக்கே போயிருவாங்க. அதுதான் வேணுமா உங்களுக்கு?"

அது வேண்டாம் என்றுதானே அந்த ஒரு வருஷம் வெயிலில் நின்றாள்.

மறுநாள் கூட்டத்தில் இரண்டு எண்களையும் வாசித்தாள். தன் மாறுபட்ட கருத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அதைப்பற்றி யாரும் சண்டைபிடிக்கவில்லை. பழைய அறிக்கையில் அவள் கையெழுத்து இருந்ததே, அது போதுமானதாக இருந்தது. அந்த ஒரு பக்கம் குழு அறிக்கையின் கடைசிப் பின்னிணைப்பாகப் போய்ச் சேர்ந்தது. குழுவிலிருந்து விலகலாமா என்று யோசித்தாள். விலகினால் அந்தப் பக்கத்தையும் எடுத்துவிடுவார்கள் என்று பயந்து இருந்துகொண்டாள்.

நிலையம் எழும்பியது. பட்ட மரங்களை எரித்து ஒரு வருஷம் நன்றாகவே ஓடியது. அப்புறம் தூரத்து ஊர்களிலிருந்து லாரிகளில் விறகு வந்தது. அதுவும் கட்டுப்படியாகாமல் வாரத்தில் இரண்டு நாள் என்றாகி, இரண்டாயிரத்து ஏழில் நின்றது. கல்லூரி ஆசிரியை ஒருவரின் தவறான மதிப்பீடே காரணம் என்று பத்திரிகையில் வந்தது. பின்னிணைப்பை யாரும் புரட்டவில்லை.

அந்தச் சனிக்கிழமை பொன்னுத்துரையின் தோப்புக்குப் போனாள். பச்சையாக நின்ற வேப்பமரங்களைக்கூட நிலையத்துக்காக விலைபேசி வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பின்னிணைப்பின் நகலைக் கொடுத்தாள். அவர் நிதானமாகப் படித்தார்.

"அம்புட்டும் தெரிஞ்சிருக்கு ஒங்களுக்கு."

"அப்பவே கூட்டத்துல சொன்னேன்யா. எழுதியும் குடுத்தேன்."

"எங்ககிட்ட சொல்லலையே டீச்சர். நீங்க எழுதுனத நம்பித்தானே நான் ஒவ்வொரு வீடா வாசிச்சுக் காமிச்சேன். கெணத்துத் தண்ணியக்கூட அந்த நிலையத்துக்கு விட்டோம்."

அந்த நாலு வருஷத்தில் எத்தனையோ முறை இந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறாள். ஒரு நாள் இறங்கி இங்கே வந்து சொல்லலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போதாவது ஊராரைக் கூட்டுங்கள், நானே வந்து சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டாள்.

"வேணாம் டீச்சர்," என்றார் பொன்னுத்துரை. குரலில் கோபம் இல்லை. "இப்ப ஒங்க பேரச் சொன்னா எந்திரிச்சுப் போயிருவாங்க."

அவர் உள்ளே போய் இளநீர் சீவிக் கொண்டுவந்தார். சின்னக் காய், இரண்டு மடக்குத் தண்ணீர்தான் இருந்தது. அவள் அதைக் குடித்து முடித்துவிட்டு, வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வெயிலோடு நடந்தாள்.