காயாத கதவு

பெயின்ட் டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்துவிட்டு, அது இளகட்டும் என்று பெயின்ட்டர் தன் தங்கையின் சமையலறையில் காத்துக்கொண்டு நின்றான். ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி. இந்தக் குளிரில் பெயின்ட் தேன் மாதிரி கெட்டியாகிவிடும். அப்படியே அடித்தால் கார் கதவு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரவென்று நிற்கும். இளக்குகிறேன் என்று தின்னரை அதிகம் ஊற்றினாலோ வழிந்து அழும். குளிர்காலத்து வேலை என்றாலே அவனுக்கு வேப்பங்காய்தான்.

"அண்ணா, மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும்ல?"

"காயும் பாப்பா. நீ பதறாம இரு."

கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் தங்கை அவனுக்குப் பாப்பாதான். அவளிடம் அவன் இதுவரை சொன்ன பொய்களிலேயே, காயும் என்று இப்போது சொன்னதுதான் பெரியது. ஒர்க்‌ஷாப் சூட்டறையில் வைத்தால் காயும். இந்த வீட்டுக் கார் ஷெட்டில், தகர ஷட்டருக்கு அடியில் குளிர்காற்று இஷ்டத்துக்கு வந்துபோகிற இடத்தில், மேல்தோல் மட்டும் காய்ந்த மாதிரி பாசாங்கு பண்ணும். உள்ளே நாலைந்து நாளைக்குப் பச்சையாகவே கிடக்கும்.

நடந்தது இவ்வளவுதான். மாப்பிள்ளை, அதாவது தங்கையின் புருஷன், வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். அவர் இல்லாதபோது காரை யாரும் தொடக்கூடாது என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். தங்கைக்கோ கார் ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன்தான் கற்றுக்கொடுத்தான். அவனைவிட நன்றாகவே ஓட்டுவாள். நேற்றுக் காலை ஷெட்டைப் பெருக்கப் போனவளுக்கு ஆசை மண்டைக்கு ஏறிவிட்டது. வாசல் கேட்டு வரைக்கும் போய்விட்டு அப்படியே பின்னால் வந்துவிடலாம் என்று நினைத்தாள். பின்னால் வரும்போது கேட்டுத் தூணில் கதவைப் பலமாக உரசிவிட்டாள். பாவிப் பெண், தெருவில் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றியிருந்தாலாவது ஆசை தீர்ந்திருக்கும்.

காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. எதிர்வீட்டுக்காரருக்கு வேறு பிழைப்பே கிடையாது. கார் தெருவில் தலை நீட்டினால் அடுத்த நிமிஷம் மாப்பிள்ளைக்கு போன் போய்விடும். அதனால் அண்ணன் கம்ப்ரசரைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். "தண்ணி மோட்டார் ரிப்பேருங்க, அதான் அண்ணன் வந்திருக்காரு" என்று தங்கை கேட்காத மனிதருக்குச் சத்தமாக விளக்கம் சொல்லிவைத்தாள். நேற்றே ஒடுக்கெடுத்து, பட்டி பூசித் தேய்த்து, பிரைமர் அடித்தாகிவிட்டது. இன்று நீலம் அடிக்க வேண்டும். மாப்பிள்ளை மத்தியானம் வருகிறார்.

மாப்பிள்ளை அடிக்கிற ஆள் இல்லை. குரலைக்கூட உயர்த்த மாட்டார். கத்துகிறவராக இருந்தாலாவது கத்திவிட்டு ஓய்ந்துபோவார். இவர் ஒவ்வொரு தப்புக்கும் அவளிடமிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்வார். தையல் வகுப்பிலிருந்து ஒருநாள் தாமதமாக வந்தாள், தையல் வகுப்பு நின்றது. தோழியோடு போனில் நீளமாகப் பேசினாள், போன் அவருடைய மேஜை டிராயருக்குள் போனது. எடுத்தது போக மிச்சம் இருந்தது தெருமுனை மருந்துக்கடை வேலை ஒன்றுதான். நேற்று அண்ணனைக் கூப்பிட்டதுகூட அந்தக் கடை போனிலிருந்துதான். அங்கே நிற்கிற அரைநாள்தான் தன்னை உயிரோடு வைத்திருக்கிறது என்று முன்பு ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பெயின்ட் இளகியது. ஷெட்டில், படுக்கையறையிலிருந்து கொண்டுவந்த ஹீட்டரும் அவனுடைய கம்ப்ரசரும் ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை; இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். ஆகவே ஹீட்டரைப் போட்டுக் கதவைச் சூடாக்கு, அணை. கம்ப்ரசரைப் போட்டு மெல்லிசாக ஒரு கை அடி, அணை. மறுபடியும் ஹீட்டர். நடுநடுவே மரத்துப்போன விரல்களை அக்குளில் செருகிக்கொண்டான். ஷட்டரைத் திறந்தால் குளிர் வருகிறது, மூடினால் தின்னர் நாற்றம் வீட்டுக்குள் போகிறது. கொஞ்சம் திறந்து, கொஞ்சம் மூடி, இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழித்தான். ஆனாலும் கை தொழிலை மறக்கவில்லை. கடைசியாக நிறமில்லாத கிளியர் பூச்சையும் அடித்து முடித்தபோது கதவு புதுக் கார் மாதிரி பளபளவென்று நின்றது.

"அடேங்கப்பா! என் மூஞ்சியே தெரியுதுண்ணா."

"மூஞ்சிய மட்டும் பாரு. கைய வச்சிடாத. நாங்களே காஞ்சிடுச்சான்னு கதவைத் தொட மாட்டோம், ஓரத்துல ஒட்டியிருக்கிற டேப்பத்தான் தொட்டுப் பாப்போம்."

"அவரு தொட்டா?"

 வந்ததும் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிடு, தூங்க வைத்துவிடு, ஒரு வாரத்துக்கு ஷெட் பக்கம் வராமல் பார்த்துக்கொள் என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது அசட்டுத்தனமாகப் பட்டது. சொந்தக் காரை ஒரு மனிதன் ஒரு வாரம் தொடாமல் இருப்பானா?

ஒட்டியிருந்த பேப்பரையும் டேப்பையும் உரித்து மூட்டை கட்டினான். கம்ப்ரசரை மறுபடியும் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் டாக்சி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

"வந்துட்டாருண்ணா."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிய வேகத்தில் கால் சாக்கில் தடுக்கியது. விழாமல் இருக்க, பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்க்காமலே கையை ஊன்றினாள். ஊன்றியது கதவில்.

அவள் கையை எடுத்தபோது ஐந்து விரலும் உள்ளங்கையும் அச்சாகப் பதிந்திருந்தன.  துடைத்தால் கதவு முழுக்க இழுத்துக்கொண்டு வந்துவிடும். தேய்த்தால் உள்ளே இருக்கிற பச்சை கிளம்பிவிடும். எத்தனையோ பேர் இடித்துக்கொண்டு வந்த கார்களைச் சுவடு தெரியாமல் சரிபண்ணியவன், தங்கையின் கைத்தடத்துக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். வாசற்கதவு திறந்தது.

"என்ன மச்சான், எப்ப வந்தீங்க? சாப்பிட்டீங்களா?"

மாப்பிள்ளை பெட்டியைக் கீழே வைத்தார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். சாக்கைப் பார்த்தார், ஹீட்டரைப் பார்த்தார், கடைசியாகக் கார் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இது யாரு கை?"

"என் கைதான் மாப்ள. நான்தான் வண்டிய எடுத்தேன், இடிச்சதும் நான்தான். பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது."

மாப்பிள்ளை அவனுடைய மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துத் தூக்கி, அந்த அச்சுக்கு நேராக, படாமல் காட்டினார். பெயின்ட்டரின் கை முறம் மாதிரி அகலம். அதன் நிழலுக்குள்ளேயே அந்தச் சின்னக் கை முழுக்க அடங்கிவிட்டது. அவர் கையை விட்டுவிட்டார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை.

"ஒரு வாரம் போகட்டும் மாப்ள. காஞ்சதும் தேய்ச்சுப் பாலிஷ் போட்டுடறேன், இருந்த இடமே தெரியாது."

"எதுக்கு மச்சான்? அழிக்க வேணாம். அப்படியே காயட்டும், தெனமும் பாத்தா ஞாபகம் இருக்கும்ல." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "மருந்துக்கடைக்கு நான் பேசிக்கிறேன். நாளையிலேர்ந்து போக வேணாம்."

பெயின்ட்டர் ஓர் எட்டு முன்னால் வந்தான். வாயைத் திறந்தான். தங்கை அவனைப் பார்த்துத் தலையை மிக லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று. அவன் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போய்விடலாம். ஷட்டர் இறங்கிய பிறகு உள்ளே இருக்கப்போகிறவள் அவள். திறந்த வாயை மூடிக்கொண்டான். தன்மேல் அவனுக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

"குளுருல காயாது போலயே?" என்றார் மாப்பிள்ளை. "அந்த ஹீட்டர இன்னும் கொஞ்சம் கிட்ட வைங்க மச்சான்."

ரொம்பக் கிட்டே வைத்தால் கொப்புளம் கிளம்பிவிடும், தள்ளி வைத்தால் காயாது. பெயின்ட்டர் குனிந்து, காய்வதற்குச் சரியான தூரத்தில் அதை நகர்த்தி வைத்தான்.