பக்கத்து இருக்கையின் பிரேக்

1

இந்தக் கதை என் அக்காவின் வலது காலில் பிறந்தது. சிரிக்காதீர்கள், உண்மை அதுதான்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சி வண்டியில் ஸ்டீயரிங் மாணவர் கையில் இருக்கும். பக்கத்து இருக்கையில் அக்காவின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். பல வருடப் பழக்கம். யார் காரில் ஏறினாலும் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வருவாள். பேருந்திலும் மிதிப்பாள்.

2

முதல் தொடக்கம்: ‘புற்றுநோய் என்று கேட்டதும் அவள் உலகமே...’

(அடித்துவிட்டேன். “அப்ப என் கிளாஸ யாரு எடுக்குறது?” என்றுதான் டாக்டரிடம் கேட்டாள்.)

இரண்டாவது தொடக்கம்: ‘அரச மரத்தடியில் அமர்ந்த புத்தர்...’

(இதுவும் வேண்டாம். நீங்கள் கொட்டாவி விடுவது இங்கே கேட்கிறது.)

3

சரி, நடந்ததையே சொல்கிறேன். மருந்து ஏற்றும் நாற்காலியில் அக்கா சாய்ந்திருந்தாள். வலது கால் மட்டும் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது.

“கால் வலிக்குதாம்மா?” என்றாள் நர்ஸ்.

“இல்லம்மா, பிரேக் போடுறேன்.”

அவள் காதில் ஒரு புத்த பிக்குவின் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பழைய மாணவி ஒருத்தி போனில் அனுப்பியது. பேச்சின் நடுவே பிக்கு பலமாகத் தும்முவார். அந்தத் தும்மலில்தான் அக்காவுக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. உடம்பு உன்னுடையது என்றால், ‘நோயில்லாமல் இரு’ என்று நீ சொன்னதும் அது கேட்க வேண்டாமா என்பது புத்தரின் கேள்வியாம். அதைக் கேட்டதும் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

“என் ஸ்டூடன்ட்ஸ் மாதிரியேடா இந்த உடம்பு. நான் கத்துறேன், அது பாட்டுக்குப் போகுது.”

“சிரிக்கிற விஷயமாக்கா இது?”

“எதைத் தின்னேன், எதைத் தின்னாம விட்டேன்னு மனசைப் போட்டு வதைச்சுக்கிட்டு இருந்தேன். உடம்பு உன் பேச்சைக் கேக்காததுக்கு நீ என்ன பண்ணுவேன்னு இவரு ஒருத்தர்தான் சொல்றாரு. எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?”

(அடிக்குறிப்பு: புத்தரை முறையாகப் படித்தவர்கள் இதை அரைகுறை விளக்கம் என்பார்கள். அக்காவிடமே சொல்லுங்கள். நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

4

இந்த அக்கா பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. இவ்வளவு நிதானமா? அதனால் அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். படித்துவிட்டு முறைத்தாள்.

“அழுதேன்தான். ஆனா பாத்ரூம்ல. நீ எங்க பாத்த?”

“அழுதியா?”

“ஏன், அழக் கூடாதா? அழுதுட்டு வந்து மறுபடியும் அவரு பேச்சைப் போட்டேன். இதையும் எழுதிக்கோ.”

எழுதிவிட்டேன்.

5

நல்ல முடிவு: டாக்டர் புன்னகையோடு...

கெட்ட முடிவு: (எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை.)

இப்போது ஸ்கேன் முடிவு கேட்கப் போய்க்கொண்டிருக்கிறோம். வண்டி ஓட்டுவது நான். அக்காவிடம் கற்றுத் தேறாமல், வேறு பள்ளியில் போய் லைசென்ஸ் வாங்கியவன். அவள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாள். என் பக்கத்தில் தரையை மிதிக்காமல் அவள் வந்ததே கிடையாது.

சிக்னலில் நின்றபோது குனிந்து பார்த்தேன். இரண்டு கால்களையும் இருக்கை மேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் என் பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தேன்.

“பச்சை விழுந்துடுச்சுடா.”

“தெரியும்.”

“தெரிஞ்சா கால எடு.”

எடுத்தால் அடுத்த திருப்பத்தில் ஆஸ்பத்திரி. டாக்டர் வாயைத் திறப்பார். எனக்கு என் அக்கா வேண்டும். புத்தர் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

பின்னால் ஹார்ன் அடிப்பது நீங்கள்தானே? முடிவு தெரிய வேண்டும் என்றால் சுற்றிக்கொண்டு முன்னால் போங்கள், வழி இருக்கிறது. அக்கா சம்மணம் போட்டபடி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் இன்னும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.