மாறும் முகவரி

கேமரா பார்சலில் வந்தது. வெளிநாட்டிலிருந்து நாத்தனார் அனுப்பியிருந்தாள். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அப்பாவை அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம்.

மாட்டும் வேலை மருமகள் தலையில் விழுந்தது. மாமனார் படுக்கையில் விழும்வரை அவள் ஒரு இன்டர்நெட் கம்பெனியில் வேலை பார்த்தவள். "உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுக் கணவன் கிளம்பிப் போய்விட்டான்.

கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினாள். அடுத்தது ஐ.பி. முகவரி, இணையத்தில் அந்த வீட்டு இணைப்பைக் கண்டுபிடிக்கும் எண். அதில் இரண்டு வகை. நிலையான முகவரி என்றால் எண் மாறவே மாறாது. நாத்தனார் நினைத்த நேரத்தில் எட்டிப் பார்க்கலாம். மாறும் முகவரி என்றால், கரண்ட் போய் வந்ததும் இணைப்புக்குப் புது எண் விழும். அதை இங்கிருந்து யாராவது சொல்லும்வரை அங்கே படம் வராது. நிலையானதைக் கம்பெனியில் கேட்டு வாங்க அவளுக்கு ஒரு போன் போதும். போனைக் கையில் எடுத்தாள், திரும்பக் கீழே வைத்துவிட்டாள். மாறுகிறதே இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல்தடவை கரண்ட் போய் வந்த மதியம், நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து ஏதோ ஒரு பாட்டைத் தப்புத்தப்பாக முணுமுணுத்தாள். மாமனாரின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது.

டீ ஆறுவதற்குள் போன் வந்துவிட்டது.

"என்னம்மா, படமே வரல? நம்பர் சொல்லு."

சொன்னாள். பேச்சு அதோடு நிற்கவில்லை.

"காலைல ரொம்ப நேரம் உன்னக் காணோமே?"

"குளிக்கப் போனேன் அண்ணி."

"அவ்வளவு நேரமா?"

அந்தத் தெருவில் கரண்ட் ஒருநாள் ஒழுங்காக இருந்ததில்லை. மருந்துக்கடையில் நின்றாலும் போன் துரத்தியது. பாதியில் ஓடி வந்து எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தப்பிக்கப் போட்ட வழியே காலைக் கட்டிப்போட்டது. கடைசியில் தானே கம்பெனிக்குப் பேசி நிலையான முகவரிக்கு மாற்றிக்கொண்டாள்.

போன் குறைந்தது. ஆனால் அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் தலைமுடியைச் சரிசெய்துகொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்து உட்காருவது போயே போய்விட்டது.

ஒருநாள் மாமனாருக்கு உடை மாற்றும்போது, அவர் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். சுவரைப் பார்த்தார்.

"வே...ணாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்துப் புழுங்கியிருந்தாள். அவரிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்டதில்லை, அவளும்தான். கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

உடனே போன். "அப்பா எங்க?"

"அவரே வேணாங்கறார் அண்ணி. நீங்களே கேளுங்க." போனை அவர் காதில் வைத்தாள்.

"வேணாம்," என்றார். இந்தமுறை தெளிவாகவே வந்தது.

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. "நீ சொல்லிக்கொடுத்ததுதானே இது?"

சாயங்காலம் கணவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா அழறா. பழையபடி திருப்பி வச்சிடு. ரெண்டு பேருக்கும் நடுவுல என்னால மாட்டிக்க முடியாது."

"அப்ப நாங்க மாட்டிக்கலாமா?"

அவன் முகம் கழுவப் போய்விட்டான். அவள் கேமராவை மறுபடி கட்டில் பக்கம் திருப்பி வைத்தாள்.

இப்போது உடை மாற்றும் நேரத்தில் அதன்மேல் ஒரு துண்டைப் போடுகிறாள். போன் அடிக்கும். எடுப்பதில்லை. சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிடுகிறாள். போன் அடித்து ஓய்கிறது. பிறகு துண்டை எடுத்துவிடுகிறாள்.