எழுபத்தெட்டு வயதும் மூன்று மாடியும்

பசியே இல்லை என்று என் மாமியாரைக் கூட்டிப் போன இடத்தில், சினைப்பையில் புற்றுக்கட்டி என்றார்கள்.

"எழுபத்தெட்டு வயசு. பெரிய ஆபரேஷன் தாங்க மாட்டாங்க. மருந்து மட்டும் குடுப்போம்," என்றார் டாக்டர், கையிலிருந்த தாளைப் பார்த்தபடி.

"மருந்து மட்டும்னா எவ்வளவு நாள்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

உள்ளே வருமுன் நர்ஸ் கொடுத்த அந்தத் தாளை நிரப்பிய மகராசி நான்தான். தனியாக நடப்பாரா? துணை தேவை. படி ஏறுவாரா? இல்லை. வீட்டில் அத்தையை ஒரு வாளி தூக்க விட்டதில்லை நான். கண்ணால் கண்டதைத்தானே எழுதினேன்!

அத்தை தாளை வாங்கிப் படித்தார். "அடிப்பாவி, என்னைப் படுக்கையிலயே போட்டுட்டியே!"

"நீங்க எங்க அத்தை படி ஏறுறீங்க?"

"நீ ஆபீஸ் போனப்புறம். மொட்டை மாடிக்கு, தினம் மூணு தடவை. சொன்னா விடுவியா நீ?"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இங்க மூணு மாடி இருக்கு. ஏறுங்க, பாப்போம்."

பிராணவாயு அளக்கும் கருவியை அத்தையின் விரலில் மாட்டிவிட்டு அவரும் கூடவே வந்தார். முதல் மாடியில் நான் கை நீட்டினேன், அத்தை தட்டிவிட்டார். இரண்டாவது மாடியில் எனக்கே மூச்சு வாங்கியது. மூன்றாவதில் அத்தை கைப்பிடியைத் தொடாமல் நின்றார். நெற்றியில் வியர்வை, அவ்வளவுதான்.

"தொண்ணூத்தாறு," என்றார் டாக்டர். நம்பாமல் மறுபடி பார்த்தார்.

பதினைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இந்த மனுஷியை நான் பார்த்ததே இல்லை. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது.

மற்ற சோதனைகளும் சரியாக வந்தன. "வயசுக்கு உண்டான ஆபத்து இருக்கத்தான் செய்யும். சம்மதமா?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

"என்னைக் கேளுங்க டாக்டர். வயிறு என்னுது," என்றார் அத்தை.

ஆபரேஷனுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. வெளியே வந்த டாக்டர், "கண்ணுக்குத் தெரிஞ்ச கட்டி எல்லாத்தையும் எடுத்தாச்சு," என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் நர்ஸ் அதே மாதிரி ஒரு தாளை நீட்டினார். பாழாய்ப்போன என் கை தானாகவே பேனாவைத் தேடியது. சட்டென்று தாளையும் பேனாவையும் அத்தையிடம் கொடுத்துவிட்டேன்.

படி ஏறுவாரா என்ற இடத்தில் அத்தை நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'அடுத்த மாதம் முதல்.'